கற்பனைச் சரித்திர சாகசக் கதை (சேலம், நாமக்கல் வட்டாரம்)

நிகழ்ந்த சரித்திரத்தை ஓரிடத்தில் வேறு வழியில் திருப்பிவிட்டோ, எந்தச் சாசனத்திலும் காணாத ஓர் அரசைப் புதிதாகப் படைத்துக்கொண்டோ, வீரமும் மாறுவேடமும் சிறைதப்புதலும் விரவி, பெரும்பாலும் வாலிப வயதினர் விரும்பும் வண்ணம் சொல்லப்படும் கதை வகை இது. ஸ்டூவர்ட் வம்சமே இங்கிலாந்தை ஆண்டு வந்ததாகப் பாவித்து ஜோன் எய்க்கன் 1962-இல் வெளியிட்ட சிறுவர் நாவல் முதல் வழிக்கும், ஆந்தனி ஹோப் 1894-இல் படைத்த ருரிட்டானியா என்னும் இல்லாத தேசம் இரண்டாம் வழிக்கும் தக்க உதாரணங்கள். தமிழில் முதல் வழி அருகியும் இரண்டாவது மிகுந்தும் காணப்படுகின்றன. அந்த இரண்டாவதன் முக்கியமான பட்டறைகளுள் ஒன்று சேலத்தில் இருந்தது.

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றிய சங்கப் பாடல்களையும், கொங்கு நாட்டுக் கிராமங்களில் இரவு முழுவதும் உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையையும், 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையைப் பற்றிய வாய்மொழி வழக்குகளையும் இவ்வகையின் முன்னோடிகளாகக் கொள்வாரும் உளர்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் நிறுவிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் பணியாற்றிய கல்கி, பிற்காலத்தில் ‘பார்த்திபன் கனவு’ நாவலில் பல்லவப் பேரரசின் நிழலில் கற்பனையான ஒரு சோழ இளவரசனை உலவவிட்டார். ஆசிரம வாசத்துக்கும் அந்த நாவலுக்கும் சம்பந்தம் கற்பிப்பது சிரமமே.

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) எழுதிய ‘மலைக்கள்ளன்’ இவ்வட்டாரம் தந்த முதன்மையான சாகச நாவல். எழுதப்பட்ட காலத்தைக் கவிஞரின் சிறைவாச நாட்களோடு சேர்த்துச் சொல்வாரும், 1940-களின் தொடக்கத்தில் வைப்பாரும் உண்டு. செல்வரிடம் பறித்து எளியவர்க்கு ஈயும் கள்வன், அப்துல் ரஹீம் என்னும் வணிகனாகவும் வேடம் புனைந்து, கடத்தப்பட்ட பூங்கோதையை மீட்கிறான். ராபின் ஹூட்டின் சாயல் இதில் புலப்படினும், போலீஸ் அதிகாரியும் கதையில் உலவுவதால் காலம் எது என்ற கேள்விக்கு நாவல் இடம் கொடுப்பதில்லை. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ சார்பில் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் நடிக்கவைத்து எடுத்த படம் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, ஹிந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய ஐந்து மொழிகளிலும் அக்கதை படமாயிற்று. ஹிந்தியில் ‘ஆசாத்’ என்ற பெயரில் திலீப் குமார் நடித்தார்.

இதனினும் விரிவான சான்றுகள் கிடைப்பது, தொடக்கத்தில் சொன்ன சேலத்துப் பட்டறையாகிய மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துக்கே. திருச்செங்கோட்டைப் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி. ஆர். சுந்தரம், லீட்ஸில் நெசவுத் தொழிற்கல்வி முடித்துத் திரும்பி, ஏற்காடு சாலையில் இந்த ஸ்டுடியோவை நிறுவினார். ஆண்டை 1935 என்றும் 1936 என்றும் இருவிதமாகக் குறிப்பர். 1940-இல் வந்த ‘உத்தம புத்திரன்’, டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவி, பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நிறுத்திற்று. பத்தாண்டு கழித்து, குண்டலகேசிக் காப்பியத்தின் ஒரு நிகழ்ச்சியை வைத்துக் கருணாநிதி எழுதிய நாடகம் ‘மந்திரி குமாரி’ (1950) ஆயிற்று; ராஜகுருவின் மகன் பகலில் பிரபுவாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் திரியும் அந்தக் கற்பனை ராஜ்யத்தில், மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்ல வந்த கணவனைக் கடைசியாக ஒருமுறை வலம்வர அனுமதி கேட்டு மனைவியே தள்ளிவிடும் காட்சி, காப்பியத்திலிருந்து கழன்று வந்தும் வேகம் குன்றாதது. இயக்கத் தொடங்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கா திரும்பிவிடவே, எஞ்சியதைச் சுந்தரமே முடித்தார். அடுத்த ஆண்டின் ‘சர்வாதிகாரி’ ஓர் அமெரிக்கப் படத்தின் தழுவல் என்பர்.

1952-இல் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டாக எடுத்த ‘தி ஜங்கிள்’ இவை எல்லாவற்றினும் விசித்திரமானது: காட்டு யானைகள் மிரண்டோடுவதன் காரணம் தேடிப் போகும் குழு, உலகில் அற்றுப்போன ரோம மாமத யானைகள் அங்கே உயிரோடு இருக்கக் காண்கிறது. சாதாரண யானைகளின் மேல் ரோமத்தைப் போர்த்தியே அந்த ஆதி மிருகங்களைப் படைத்தனர். அந்த ரோமத்துக்கடியில் யானை நன்றாகத் தெரிந்துவிடுகிறது என்பதே படத்தின் தனியழகு. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்னும் புகழுக்குரியதாயினும், அராபியக் கதையாதலால் இவ்வகையில் சேருமா என்பது விவாதத்துக்குரியது.

சுந்தரம் 1963-இல் காலமானார். அவர் குமாரர் ராமசுந்தரம் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய துப்பறியும் படங்களுக்குத் திரும்பிவிட, வாளும் முகமூடியும் கைத்துப்பாக்கிக்கு வழிவிட்டன.

அண்மைக் காலத்தில், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ நாவலின் முடிவிலிருந்து பெருமாள்முருகன் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என இரு தொடர்ச்சிகளை 2014-இல் வெளியிட்டார். நாயகன் இறந்துபோனதாக ஒன்றும், பிழைத்ததாக மற்றொன்றும் செல்கின்றன. சாகசக் கதைகள் அல்லவெனினும், சம்பவத்தை இரு வழியில் நடத்திப்பார்க்கும் உபாயம் இவற்றில் உண்டு.

ஸ்டுடியோவில் இப்போது எஞ்சியிருப்பது ஏற்காடு சாலையிலுள்ள முகப்பு வளைவு. நாமக்கல் கவிஞரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளமையால் ‘மலைக்கள்ளன்’ நாவலை எவரும் அச்சிடலாம்.