ஆகுபெயரும் ஆட்சியும்

பள்ளியில் ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர், "ஊர் சிரித்தது" என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். சிரித்தது ஊரன்று, ஊரிலுள்ள மக்கள். இடத்தின் பெயர் அவ்விடத்து மாந்தர்க்கு ஆகி வந்தது. மாணவர் விளங்கிக்கொள்வர், தேர்வில் மதிப்பெண்ணும் பெறுவர். ஆயின், ஆகுபெயர் ஒன்று ஓர் இனத்தார் மீது நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் மதிப்பாகவும் மற்றொரு காலத்தில் இழிவாகவும் நின்ற வரலாற்றை இலக்கண வகுப்பு சொல்வதில்லை. அவ்வரலாறு பினாங்கின் தெருக்களிலேயே எழுதப்பட்டுள்ளது.

ஜார்ஜ் டவுன் நகரில், முன்னர்ப் பிட் தெரு எனப்பட்ட வீதியில் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் எழில் குன்றாது நிற்கிறது. 1801ஆம் ஆண்டில் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் அதற்கு நிலம் வழங்கினார். பள்ளிவாசல் எழுவதற்குக் காரணமாயிருந்தவர் காதர் மொகிதீன் என்னும் வணிகர். தென்னிந்திய முசுலிம்களின் தலைவராக அரசால் ஏற்கப்பெற்றவர். அவர் வகித்த பதவியின் பெயரே 'கப்பித்தான் கிலிங்'. அப்பெயர் ஏளனமாகத் தோன்றியிருப்பின், வழிபாட்டிடத்திற்கு அது சூட்டப்பட்டிராது.

'கிலிங்' என்பது கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பர் அறிஞர். கலிங்கம் தமிழகம் அன்று. எனினும், வங்கக் கடலைக் கடந்து வந்த தென்னாட்டார் அனைவரையும் மலாய் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். மலாய் வரலாற்று நூலாகிய 'செஜாரா மெலாயு' கிலிங் நாட்டைப் பேரரசர் ஆண்ட நாடாகக் காட்டுகின்றது. வீரன் ஹங் துவா அந்நாட்டுக்குத் தூதனாகச் சென்ற கதையை அவன் பெயரால் அமைந்த காப்பியம் விரித்துரைக்கின்றது. தூதனுப்பும் தகுதியுடைய நாடாகவே அது மதிக்கப்பட்டது. பள்ளிவாசலுக்கு அருகிலுள்ள சூலியா தெருவின் பெயரும் இத்தகையதே. அதனைச் சோழ நாட்டோடு தொடர்புபடுத்துவோர் உளர். இவை இடவாகுபெயர்கள். இவற்றில் மாசில்லை.

மாசு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை வேறொரு சொல்லில் உள்ளது. 1786ஆம் ஆண்டில் பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏற்றிய பிரான்சிசு லைட், 1794ஆம் ஆண்டில் தம் மேலிடத்திற்கு எழுதிய அறிக்கையில், சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரவர் இங்குக் குடியேறியுள்ளனர் என்றும், அவர்கள் கடைக்காரரும் கூலிகளும் ஆவர் என்றும் குறித்தார். கடைக்காரரோடு அடுத்து நின்ற அச்சிறு சொல்லே, பின்னர் வந்த இலட்சக்கணக்கானோரின் அடையாளமாயிற்று.

'கூலி' தூய தமிழ்ச் சொல். திருக்குறளில், ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்தி உழைத்தவன் பெறும் பயனைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் அது. உழைத்தவனை நாம் 'கூலியாள்' என்றோம். (ஆளைக் குறிக்கும் ஆங்கில வழக்கு குசராத்துக் கோலி இனத்தாரின் பெயரால் எழுந்தது என்பாரும் உளர், இரண்டும் கலந்திருத்தல் கூடும்.) எவ்வாறாயினும், ஆட்சியாளரின் ஏட்டில் 'ஆள்' மறைந்தான், 'கூலி' மட்டும் நின்றது. பெறும் காசின் பெயரே பெற்றவன் பெயராயிற்று. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்டவனுக்குச் 'சஞ்சிக்கூலி' என்று பெயர். மலாய் மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல்லே 'சஞ்சி' எனத் திரிந்தது. காசும் வாக்குறுதியும் பெயரில் இடம்பெற்றன, மனிதனுக்குத்தான் இடமில்லை!

கலிங்கத்தின் பெயரில் மாசு ஏறியது இந்நிலையில்தான். சொல் மாறவில்லை, சொல்லப்பட்டவரின் நிலை மாறியது. வணிகனைச் சுட்டியபோது நாட்டுப் பெயராயிருந்தது, லயத்தில் வாழ்ந்தவனைச் சுட்டியபோது வசையாயிற்று. 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 'தமிழரும் ஏனைய இந்தியச் சுதேசிகளும்' என்னும் தலைப்பு வந்தது. பின்னர் 'இந்தியர்' என்பது நிலைத்தது. ஏட்டில் பெயர் மாறினும் தெருவில் பழைய பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது.

1910ஆம் ஆண்டில் ஒப்பந்த ஆட்சேர்ப்பு நின்றது. சொல்லிலிருந்து விடுதலை பெற மேலும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன், 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். ஊதிய உயர்வோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. காசு மட்டுமே கேட்டிருப்பின் அது கூலியின் குரல். மதிப்பும் கேட்டதனால் அது ஆளின் குரல். உழைப்போர் அதனை உரிமைப் போராட்டம் என்றனர். ஆட்சியாளரோ குழப்பம் என்றனர். போராட்டத்திற்கு விடை பேச்சு. குழப்பத்திற்கு விடை படை. படையே வந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

எனினும் சொல் வென்றது. 1954ஆம் ஆண்டில் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரை நோக்குக. 'தொழிலாளி' என்பதில் இழந்த 'ஆள்' மீண்டு வந்துள்ளான்.

2003ஆம் ஆண்டில், 'கிலிங்' என்னும் சொல்லை அகராதியில் ஆண்ட முறை குறித்து டேவான் பகாசா டான் புசுதாக்கா மீது வழக்குத் தொடரப்பட்டது. அச்சொல்லை அடியோடு அழித்துவிடலாமா? அழித்தால் பள்ளிவாசலின் பெயரும், செஜாரா மெலாயுவின் பக்கங்களும், நம் முன்னோரின் வாணிக வரலாறும் ஊமையாகும். வரலாற்றில் அது இருக்கட்டும். வாழும் மனிதன் முகத்தில் எறியப்படாதிருக்கட்டும் என்பதே என் கருத்து.

இவ்வாறு கேட்கும் நாம் நம் நாவையும் நோக்க வேண்டும். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை, அவர் கப்பலேறிய கல்கத்தாவை வைத்து 'வங்காளி' என்றோம். இன்று வங்காளதேசத்திலிருந்து வந்து நம் கட்டடங்களை எழுப்பும் உழைப்பாளியைப் 'பங்களா' என்கின்றோம். அதுவும் இடவாகுபெயரே, நம் பாட்டன் மீது ஒட்டியதும் அதுவே. ஆவணம் இல்லாத தொழிலாளி என ஓர் ஏடு எழுதினால் குறை தாளில் நிற்கின்றது. கள்ளக் குடியேறி என எழுதினால் குற்றம் மனிதன் மேல் ஏறுகின்றது.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை ஆகுபெயர் கற்பிக்கும்பொழுது "ஊர் சிரித்தது" என்பதோடு நில்லாது 'கூலி' என்னும் சொல்லையும் கரும்பலகையில் எழுதுங்கள். அதில் ஆள் எங்கே என்று மாணவரைக் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன், பிறரை அழைக்குமுன் ஒரு கணம் எண்ணுவான்.