பொது ரூபாயும் கேளாத வாக்கும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாற்றில் ஓர் இயல்

ஒரு நாட்டார் தமக்குரிய நாணயத்தை விடுத்து, அயல் நாட்டாரோடு பொதுவானதொரு நாணயத்தை மேற்கொள்வதா என்னும் வினா பொதுமக்களிடமே விடப்பட்ட நிகழ்ச்சிகள் உலக வரலாற்றில் மிகச் சில. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் நாள் டென்மார்க்கு மக்கள், யூரோ நாணயம் வேண்டாவென நூற்றுக்கு 53.2 வீதமாக வாக்களித்தனர். 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் சுவீடன் மக்கள் நூற்றுக்கு 55.9 வீதமாக அதனை மறுத்தனர். இலங்கையிலோ நாடளாவிய மக்கள் தீர்ப்பு ஒரே ஒரு முறைதான் நிகழ்ந்தது. 1982 திசெம்பர் 22இல் நிகழ்ந்த அதுவும் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவது பற்றியதேயன்றிப் பணம் பற்றியதன்று.

ஆயினும் பொது நாணயம் இத்தீவுக்குப் புதிய பொருளன்று. 1872 முதல் 1950 வரை, எழுபத்தெட்டு ஆண்டுகள், இந்திய ரூபாயே இலங்கைப் பணத்துக்கு அடிப்படையாய் நின்றது. அவ்வுறவிற் புகுந்தபோதும் மக்களை எவரும் கேட்கவில்லை. அதனின்று நீங்கியபோதும் கேட்கவில்லை. அவ்விரு செயல்களும் யாருடைய மடியை மிகுதியுந் தொட்டனவோ, அவர்களுள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர். அவர்தம் பக்கத்தினின்று இவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் பணநிலை ஒரு கலவை. அரசாங்கக் கணக்கு 1825 முதல் பவுண், சிலிங், பென்சில் எழுதப்பட்டது. கடைத்தெருவில் இறைசாலும் பணமும் வழங்கின. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களிற் கோப்பித் தோட்டம் போட்ட துரைமார் இலண்டனுக்குப் பவுணிற் கணக்கு அனுப்பினர். ஆனால் கூலியாட்களுக்குக் கொடுக்க வேண்டியதோ வெள்ளி ரூபாய். காரணம் எளிது. கோப்பி பறிக்க வந்த தமிழர் பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்பவர். தம் ஊர்ச் சந்தையிற் செல்லாத காசை அவர் ஏற்பாரா? ஆகவே சட்டம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறொன்றாய் நடந்தது. 1872 சனவரி 1ஆம் நாள் முதல் இந்திய ரூபாயே இலங்கையின் பணம் எனவும், அது நூறு சதங் கொண்டது எனவும் வகுக்கப்பட்டபோது, சட்டம் நடைமுறையைப் பின்தொடர்ந்ததென்றே சொல்லலாம். மக்கள் தீர்ப்பு அன்று நடந்திருப்பினும் முடிவு மாறியிராது என்பது எம் துணிபு. காலால் நடந்து கடல் கடந்து வந்தவர்கள் அவ்வாக்கை ஏற்கெனவே அளித்துவிட்டனர்.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. ரூபாய் ஒன்றே, அதன் பிரிவுகள் இரண்டு. திருச்சிராப்பள்ளியில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓரணாவுக்குப் பன்னிரண்டு பை. கேகாலையில் ஒரு ரூபாய்க்கு நூறு சதம். எனவே ஓரணாவென்பது ஆறேகாற் சதம். 1927ஆம் ஆண்டின் குறைந்த சம்பளச் சட்டத்தின்படி வகுக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், சிறுவர்க்கு 30 சதம். ஐம்பது சதம் சரியாக எட்டணா. நாற்பது சதமோ ஆறணாவும் ஐந்து பைக்குச் சற்றுக் குறைவும். செக்றோலிற் சதமாக விழுந்த கூலியை ஊருக்குக் கடிதம் எழுதும்போது அணாவாக மாற்றிச் சொல்ல வேண்டியவர் எழுத்தறியாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் பால் வெட்டும் ஆடவனுமே. இந்தியா தன் ரூபாயை நூறாகப் பகுத்தது 1957 ஏப்பிரல் 1இல். அப்போது பொது உறவு முறிந்து ஏழாண்டாகிவிட்டது.

பொது நாணயத்தால் யார் நயம் பெற்றனர்? தொடக்கத்திற் பெரிதும் பெற்றவர் துரைமாரே. 1872இல் ஏறத்தாழ இரண்டு சிலிங் பெற்ற ரூபாய், வெள்ளி விலை வீழ்ச்சியால் 1892-93இல் ஒரு சிலிங் மூன்று பென்சு அளவுக்கு இறங்கிற்று. தேயிலை இலண்டனிற் பவுணுக்கு விற்றது. கூலி இங்கே ரூபாயிற் கொடுபட்டது. பவுண் ஒன்றுக்கு முன்னையினும் மிகுதியான ரூபாய் கைக்கு வர, கூலி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. 1893 யூன் 26இல் இந்திய அரசு தன் நாணயசாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடி, ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடித்தபோது அந்த நயம் தடைப்பட்டது. சிம்லாவில் எடுக்கப்பட்ட முடிவு இறக்குவானையின் இலாப நட்டத்தை மாற்றிற்று. பொது நாணயத்தின் இயல்பே இது: கடிவாளம் ஓரிடம், குதிரை வேறிடம்.

தொழிலாளிக்கு வந்த நயம் ஒன்றுண்டு. அதனுள்ளேயே தீங்கும் இருந்தது. ஊருக்கு அனுப்பும் பணம் மாற்றுவட்டமின்றிச் சென்றது. செட்டிமாரின் உண்டியல் இருகரையையும் இணைத்தது. அதே எளிமையோடு பெரிய கங்காணியின் முன்பணமும் இக்கரைக்கு வந்து சேர்ந்தது. அக்கரையில் வாங்கிய கடன் ஒரு சதமும் தேயாமல் தோட்டத்துப் பேரேட்டில் ஏறிற்று. அக்கடனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் புக ஒண்ணாதபடி கட்டிய 'துண்டு' முறை 1921இற்றான் ஒழிந்தது. ஒரே ரூபாய் என்பது ஒரே கயிறாகவும் இருந்தது.

1930ஐ அடுத்த ஆண்டுகளே பொது நாணயத்துக்கு உரைகல். உலகெங்கும் இறப்பர் விலை வீழ்ந்து 1932இல் அடிமட்டத்தைத் தொட்டது. களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலையிலும் மரங்கள் வெட்டாமல் விடப்பட்டன. பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தனி நாணயமுடைய நாடு இத்தகைய இடுக்கணில் தன் பணத்தின் மதிப்பைத் தாழ்த்தி ஏற்றுமதியாளர்க்கு மூச்சு விடலாம். இலங்கைக்கு அவ்வுரிமை இல்லை. 1927இல் ஒரு சிலிங் ஆறு பென்சென வகுக்கப்பட்ட இந்திய ரூபாயோடு அது பிணைந்திருந்தது. 1931 செப்டெம்பரில் பிரித்தானியா பொன்னை விட்டு நீங்கியபோதும், ரூபாயை அதே விகிதத்திற் பவுணோடு கட்டியது இலண்டனே. பணம் தாழாதவிடத்துத் தாழ வேண்டியது கூலி. 1929இல் வகுத்த குறைந்த சம்பளம் சில ஆண்டுகளுக்குள்ளேயே குறைக்கப்பட்டது. எண்பது ஆண்டு கழித்து யூரோவுட்பட்ட கிரேக்க நாட்டார் பட்ட பாடும் இவ்வகையினதே. ஆதலாற் பொது நாணயத்தைப் பிரிந்தமை தவறு என்று யாம் கூறோம்.

பிரிந்த முறையே ஆராயத்தக்கது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு தொகுதிகளை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்பிரகமுவவைச் சேர்ந்ததன்று. எனினும் இம்மாகாணத் தொழிலாளர்க்கும் அன்று வாக்கு இருந்தது. அதனைப் பறித்தது 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். அதே ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டமே நாணய விதிச் சட்டம். அமெரிக்க நிபுணர் யோன் எக்சுற்றரின் அறிக்கையை அடியொற்றி எழுந்த அச்சட்டப்படி, 1950 ஓகத்து 28இல் மத்திய வங்கி தொடங்கிற்று. எக்சுற்றரே முதல் ஆளுநர். 48க்கும் 58க்கும் இடையே பத்து இலக்கங்களே. இவ்விரண்டையும் ஒரே சூழ்ச்சியாகக் கோத்துக் காட்டுவது வரலாறாகாது. ஒன்றற்கு நோக்கம் அரசியல், மற்றதற்கு நோக்கம் பொருளாதார விடுதலை. ஆயினும் இருகரையிலும் ஒரே காசு புழங்க வேண்டிய வாழ்வுடையோர், அக்காசு இரண்டான ஆண்டிலேயே வாக்கிழந்திருந்தனர் என்பது மறுக்கவொண்ணா நிகழ்ச்சி.

பிரிவின் விளைவு உடனே புலப்படவில்லை. 1949இல் பவுணோடு சேர்ந்து இரு ரூபாய்களும் ஒத்த அளவில் மதிப்பிறக்கம் பெற்றிருந்தமையால், டொலர் ஒன்றுக்கு 4.76 என்ற ஒரே வீதம் இரண்டற்கும் நிலைத்தது. பெயரளவிலே வேறு, எடையிலே ஒன்று. 1953இன் அந்நியச் செலாவணிச் சட்டமே அக்கரைக்குப் பணம் அனுப்புவோர்க்கு எல்லைக்கோட்டை உணர்த்திற்று.

1964 ஒற்றோபர் 30இல் சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு. எஞ்சிய 1,50,000 பேர் நிலை பின்னர் தீர்க்கப்படும். செல்லும் குடும்பம் கொண்டுபோகத்தக்க உடைமையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படாது என்பதும் அதிலடங்கிய உறுதி. எந்த ரூபாய் என்பது அன்று பொருளற்ற வினா. ஆனால் 1966 யூன் 6இல் இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 ஆக இறக்கியது. தொண்ணூற்று நான்கு ஆண்டுச் சமநிலை அன்று முறிந்தது. உத்தியோக வீதப்படி இலங்கையின் 4,000 ரூபாய் அக்கரையில் ஏறத்தாழ 6,300 ரூபாயாயிற்று. 1967 நவெம்பரில் இலங்கையும் தன் ரூபாயை 5.95க்கு இறக்க, அதே தொகை சற்றேறக்குறைய 5,040 ஆகச் சுருங்கிற்று. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இற்றான் நிறைவேறிற்று. சேமலாப நிதியை எண்ணிக் கட்டி இரயிலேறித் தலைமன்னார் சென்ற இறப்பர்த் தொழிலாளியின் வாழ்நாட் சேமிப்பு, அவர் பெயர் எந்த ஆண்டுப் பட்டியலில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் நின்றது. இத்தற்செயலை எவரும் திட்டமிடவில்லை. எவரும் எண்ணிப் பார்க்கவுமில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக்கப்பட்டது. அன்றைய மாற்றுவீதப்படி அது ஐந்து டொலருக்கு அண்மையது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் மிதக்க விடப்பட்டுச் சில கிழமைகளில் டொலர் 360ஐ எட்டவே, அதே ஆயிரம் மூன்று டொலரும் பெறவில்லை. தனி நாணயத்திலும் இடியைத் தாங்கியது கூலியே என்பதை எம் முந்திய கூற்றுக்கு எதிர்ச்சான்றாக வாசகர் கொள்ளலாம், யாமும் மறுக்கவில்லை. 2022 ஓகத்தில் இந்திய ரூபாயும் இங்கு அங்கீகரிக்கப்பட்ட அந்நிய நாணயங்களுள் ஒன்றாயிற்று. 2024 பெப்புருவரி முதல் இந்தியக் கைத்தொலைபேசிக் கொடுப்பனவு முறை இலங்கைக் கடைகளிலும் செல்லுகின்றது.

சுவீடன் மக்கள் யூரோவை மறுத்த அதே 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலங்கைப் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, 1964 முதல் இங்கு வாழ்ந்துவந்த எஞ்சிய நாடற்ற இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் மரபினர்க்கும் பிரசாவுரிமை அளித்தது. நாணயம் பற்றிய மக்கள் தீர்ப்பொன்று இனி இங்கு நிகழுமாயின், எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் தோட்ட மக்கள் வாக்குச்சீட்டோடு வரிசையில் நிற்பர்.