வராத ஜப்பான்காரன்

"சப்பான்காரன் கப்பல்ல வந்து எறங்கிட்டானாம், மெட்ராசே காலியாம்." 1942 ஏப்ரலைப் பற்றி எங்கள் ஆயா இப்படித்தான் ஆரம்பிப்பாள். ஆம்பூர்ப் பக்கத்துச் சேரியில் இருந்துகொண்டு, பார்க்காத கடலைப் பற்றி அவள் கேட்ட வதந்தி அது.

வதந்திக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-இல் திரிகோணமலையிலும் குண்டு விழுந்தது. ஜப்பான் படை சென்னையை நோக்கி வருகிறது என்ற தகவலை நம்பி, கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கம் மூட்டை கட்டியது. உயர்நீதிமன்றம் கோவைக்குப் போனது. அலுவலகங்கள் ஊட்டிக்கும் சித்தூருக்கும் போயின. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து, துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள், பெரும்பாலும் வேடிக்கையாக. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவர்களின் கதை அது. ஓடுவதற்குச் சொந்த ஊரில் நிலம் வேண்டும், வீடு வேண்டும், ரயிலுக்குக் காசு வேண்டும். ஆற்காட்டுச் சேரியில் இருந்தவனுக்கு எது இருந்தது? "நாங்க எங்க ஓடறது? ஓடறதுக்கு ஒரு எடம் இருக்கணும் இல்ல" என்பாள் ஆயா. அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர் வழியாகத்தான் மேற்கே போகும் ரயில்கள் போயின. அவற்றை நம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் அவர்களுக்காகக் காத்திருந்தன. முதல் உலகப் போரிலேயே இந்த மாகாணத்துத் தோல் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்சாகிவிட்டது. எவன் சண்டை போட்டாலும் தோலை ஊறவைத்துச் சுரண்டுகிற கை நம்முடையதுதான்.

கடற்கரையில் யாருமே இறங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1942 செப்டம்பரில், பினாங்கில் பயிற்சி பெற்ற சில இந்திய இளைஞர்கள் ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரில் தானூர்க் கரையில் இறங்கினார்கள். உடனே பிடிபட்டார்கள். அந்த வழக்கில் வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10-இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். வந்தது ஜப்பான்காரன் அல்ல, நம்மூர்ப் பிள்ளைகள். அரசாங்கம் தணிக்கையின் திரைக்குள் வைத்திருந்தது இதைத்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்ததோ வதந்தி மட்டும்.

இன்னொரு உண்மை இதைவிடப் பெரியது. மெட்ராசுக்கு வராத ஜப்பான்காரன் நம் ஜனங்களிடம் வந்தான், மலேயாவில். வடஆற்காட்டிலிருந்து கங்காணி பிடித்துக்கொண்டு போன கூலிகள் ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். அவர்களில் நம்மவர் ஏராளம். அங்கிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழ்க் கூலிகளை அள்ளிக்கொண்டு போய், சயாம்–பர்மா எல்லைக் காட்டில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடவைத்தான். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பேர் எழுதிய கல்லறை உண்டு. நம் கூலிகள் பெரும்பாலோர் பேரில்லாத குழியில் கிடக்கிறார்கள்.

ஆயாவின் அண்ணன் மலேயா போனவர். கடிதம் நின்றது 1941-இல். சாகும்வரை அவள் அவருக்குத் திதி கொடுக்கவில்லை. "செத்தான்னு யாரு வந்து சொன்னா?" என்பாள்.

ஊர்க்காரனுக்கு 1942 ஒரு வதந்தி, சேரிக்காரனுக்கு அது ஒரு சாவு. இரண்டையும் ஒரே வரலாறு என்று எழுதுவதை நாம் எப்படி ஏற்பது? அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் இன்றைக்கே போய் உட்காருங்கள். மலேயா போய்த் திரும்பாதவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பேரையாவது எழுதி வையுங்கள்.