கத்திக்குப் பிறகு

வேடந்தாங்கல் என்றதும் நாரையும் கூழைக்கடாவும் நினைவுக்கு வருவது இயல்பு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டதும், ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு 1798ல் பறவைகளுக்குப் பாதுகாப்பாகக் கௌல் வாங்கியதும் பலர் எழுதிய கதைதான். நான் சொல்ல வந்தது அதே ஏரிக்கரையில் என் காதில் விழுந்த வேறொரு விஷயம்.

வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "என் தம்பிக்குக் கன்னத்துல புத்துங்க. வெத்திலை பொகையிலைய விட மாட்டான். ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. தையலும் ஆறிப்போச்சு. இப்ப ஆறு வாரம் கரண்டு வைக்கணும்னு கூப்புடறாங்க. அறுப்பு நேரத்துல எப்படிங்க போறது? அதான் எடுத்தாச்சே, அப்புறம் இன்னாத்துக்குங்க கரண்டு?"

"உங்கள் கழனியில் கோரை உண்டா?" என்று கேட்டேன்.

"அது இல்லாத கழனி ஏதுங்க? அறுத்த மூணாம் நாளே தலை நீட்டும். அடியில கிழங்கு கெடக்குதே!"

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் மௌனமாக இருந்தார். தம்பிக்குக் கழுத்து நெறிக்கட்டியிலும் நோய் இருந்ததாம்.

படிக்காதவர் கேட்டது என்று இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெரிய பெரிய ரண வைத்தியர்களே இதற்கு விடை காண நூறு ஆண்டு தடுமாறினார்கள். இத்தனைக்கும் நம் சுசுருத சம்ஹிதை அர்ப்புதம் என்னும் கட்டியை அறுப்பதோடு நிற்கவில்லை. நெருப்பால் சுடுவதையும், காரம் வைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. மிச்சம் வைத்தால் மறுபடி வளரும் என்று எச்சரிக்கையும் செய்கிறது.

மேல்நாட்டில் 1846ல் ஈதர் மயக்கம் வந்த பிறகு கத்திக்குத் துணிச்சல் பிறந்தது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற வைத்தியர் மார்பகப் புற்றுக்கு மார்பை மட்டுமல்ல, அதன் அடியிலுள்ள தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றினார். 1894ல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டதும், அகலமாக வெட்ட வெட்ட நோய் திரும்பாது என்பதே வேதவாக்காகிவிட்டது. கை வீங்கி, குடத்தைத் தூக்க முடியாமல் வாழ்ந்த பெண்கள் எத்தனை பேரோ! நோயோ பலரிடம் வெட்டின இடத்தை விட்டுவிட்டு எலும்பிலும் ஈரலிலும் முளைத்தது. கத்தி எட்டாத இடத்துக்கு அது முன்பே போய்விட்டிருந்தது.

இதற்குள் வேறு இரண்டு ஆயுதங்கள் வந்துவிட்டன. ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895ல்; கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டது 1898ல். விஷவாயு ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மருந்தொன்றை 1942ல் அமெரிக்காவில் முதன்முதலாக நோயாளிக்கு ஏற்றினார்கள். ஆனால் மூன்று பங்காளிகளும் ஒரு கூரையின் கீழ் வாழப் பழகுவதற்கு வெகு காலம் பிடித்தது.

நம் சென்னையில் அந்தக் கூரையைப் போட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று நினைத்த காலம் அது. 1952ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954 ஜூன் 18ந் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் பிறந்தது. அம்மாளின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி கத்தி பிடித்த கைக்காரர். அப்படியிருந்தும் கோபால்ட் கதிர் இயந்திரம் வேண்டும் என்று நின்று, 1950களிலேயே அதைக் கொண்டுவந்தார். அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் தொழிலின் எல்லையைத் தானே ஒப்புக்கொள்வது எழுத்தாளனுக்கே வராத குணம்!

1955ல் டாக்டர் சாந்தா அவருடன் சேர்ந்தார். அங்கு வந்தவர்களில் பலர் கன்னம் முழுவதும் நோய் பரவிய கிராமத்து ஏழைகள். வெட்டினால் முகமே மிஞ்சாது. 1960ஐ ஒட்டி இவர்கள் வாய்ப்புற்றுக்குக் கதிரோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்டார்கள்.

செங்கல்பட்டு ஜில்லாவாக இருந்த காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரைக்கு உணவுக்குழாயில் நோய். 1968ல் நியூயார்க்கில் அறுவை நடந்தது. திரும்பி வந்து மேடையும் ஏறினார். சில மாதங்களில் நோயும் திரும்பியது. 1969 பிப்ரவரி 3ந் தேதி அடையாற்று நிலையத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரால் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி நடக்கிறது.

ஹால்ஸ்டெட்டின் வேதவாக்கை உடைத்தவரும் ஒரு கத்திக்காரர்தான். பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்கர் 1985ல் தம் சோதனை முடிவை வெளியிட்டார். சிறிய மார்புக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்தவர்களும், மார்பையே இழந்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள்.

அதற்காகக் கத்தியின் மவுசு போய்விடவில்லை. கட்டியாக வரும் பல புற்றுகளில் இன்றும் அதுதான் முதல் கை. வாயில் தொடக்கத்திலேயே கண்ட சின்னப் புண்ணுக்கு அது ஒன்றே போதும் என்பதும் உண்டு. நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் பின்னால் கதிர் வேண்டும். அதுவும் சுமார் ஆறு வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது. காயம் ஆறிய மகிழ்ச்சியில் வீட்டோடு இருந்துவிடுகிறவர்கள் தவறவிடுவது இந்த நாட்களைத்தான். மார்பில் பெரிய கட்டி என்றால் பல சமயம் மருந்தை முதலில் ஏற்றி, கட்டி சுருங்கிய பிறகு கத்தி வைக்கிறார்கள்.

நல்ல ஆஸ்பத்திரிகளில் இந்த வரிசையை ஒருவர் தனியாக முடிவு செய்வதில்லை. ரண வைத்தியர், கதிர் வைத்தியர், மருந்து வைத்தியர், பூதக்கண்ணாடியில் திசுவைப் பார்த்தவர் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுகிறார்கள். வாதம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆறு வாரம் நோயாளி எங்கே தங்குவார், கூட இருப்பவருக்குக் கூலி போனால் வீட்டில் உலை எப்படி வைப்பார்கள் என்று யாராவது விசாரித்தாக வேண்டும்.