இந்தியச் சிம்பொனி இசைக்குழு

இந்தியச் சிம்பொனி இசைக்குழு என்பது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மேற்கத்திய செந்நெறி இசைக்குழு ஆகும். இது இந்தியாவின் முதலாவது தொழில்முறைச் சிம்பொனி (ஒத்தின்னிய) இசைக்குழுவாகக் கருதப்படுகிறது. தேசிய நிகழ்த்துகலை மையம் என்னும் நிறுவனத்தின் ஓர் அங்கமாக இது 2006 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

வரலாறு

வயலின் கலைஞர் மெலி மேத்தா 1935 ஆம் ஆண்டில் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினார். எனினும் அக்குழு நிலைத்து நிற்கவில்லை. பின்னர் குஷ்ரூ சன்டூக், கசக்கசுத்தானைச் சேர்ந்த வயலின் கலைஞர் மராட் பிசெங்கலியெவ் ஆகியோரின் முயற்சியால் தற்போதைய குழு உருவானது. 2019 ஆம் ஆண்டில் இக்குழு ஐக்கிய இராச்சியத்தில் இசைப்பயணம் மேற்கொண்டது. மெலி மேத்தாவின் மகனான சுபின் மேத்தா 2023 ஆம் ஆண்டில் முதன்முறையாக இக்குழுவை நடத்தினார்.

இசை நிகழ்ச்சிகள்

பெப்ரவரி, செப்டம்பர் மாதங்களை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு இசைப் பருவங்கள் நடைபெறுவது வழக்கம். பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஜம்செத் பாபா அரங்கில் இடம்பெறுகின்றன. பிராம்சு, சைக்கோவ்சுக்கி முதலிய 19 ஆம் நூற்றாண்டின் ரொமாண்டிக் கால இசையமைப்பாளர்களின் ஆக்கங்கள் இவற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

கலைஞர் பற்றாக்குறை

மோட்சார்ட்டின் சிம்பொனிகள் பலவற்றை முப்பது, நாற்பது கலைஞர்களைக் கொண்டே இசைக்கலாம். ரொமாண்டிக் கால ஆக்கங்களுக்கு இதைவிடப் பெரிய குழு தேவை. எடுத்துக்காட்டாக, 1876 ஆம் ஆண்டில் அரங்கேறிய பிராம்சின் முதலாம் சிம்பொனிக்கு நான்கு ஹார்ன்களும் மூன்று டிராம்போன்களும் வேண்டும். டிராம்போன்கள் இறுதிப் பகுதியில் மட்டுமே ஒலிக்கின்றன. ஆயினும் அம்மூன்று கலைஞர்கள் இன்றி அதனை முழுமையாக இசைக்க இயலாது.

ஓபோ, பசூன், ஹார்ன் போன்ற கருவிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. வயலின் 19 ஆம் நூற்றாண்டிலேயே கருநாடக இசையில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அமரும் முறை, தந்திகளின் சுருதி, இசையை எழுதும் முறை ஆகியன வேறுபடுவதால், கருநாடக வயலின் கலைஞர் ஒருவர் தனிப்பயிற்சி இன்றிச் சிம்பொனிக் குழுவில் இணைய இயலாது. இக்காரணங்களால் இக்குழு கசக்கசுத்தான் முதலிய நாடுகளின் கலைஞர்களைப் பெரிதும் சார்ந்துள்ளது.

பயிற்சி

இக்குறையைக் களையும் நோக்குடன் 2012 ஆம் ஆண்டில் இக்குழு ஓர் இசைப்பள்ளியைத் தொடங்கியது. இங்கு சிறுவர்களுக்கு இளவயது முதலே உருசிய முறையில் பயிற்சி அளிக்கப்படுகிறது. குழுவின் கலைஞர்கள் சிலரே ஆசிரியர்களாகவும் உள்ளனர். தமிழ்நாட்டில், ஏ. ஆர். ரகுமான் 2008 ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரி மேற்கத்திய செந்நெறி இசையைக் கற்பிக்கிறது. அதன் சன்சைன் இசைக்குழுத் திட்டத்தின் கீழ் வறிய குடும்பங்களைச் சேர்ந்த சிறுவர்களுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி வழங்கப்படுகிறது. இத்தகைய பள்ளிகளில் பயில்வோர் முழுநேரக் கலைஞர்களாக உருவாகும்போதே, இந்தியக் கலைஞர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட சிம்பொனிக் குழு ஒன்று அமைதல் இயலும்.