திருமுக்கூடல் கோயில் சுவரில் ஒரு 15 படுக்கை ஆஸ்பத்திரி

1.
"உலகின் முதல் ஆஸ்பத்திரியைக் கட்டியது சோழர்கள்தான்!" இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு வந்துடும். டாக்டர்ங்கறதால எனக்குன்னே அனுப்புவாங்க. அந்த ஆஸ்பத்திரி நிஜம். 'உலகின் முதல்' என்பது மட்டும் சரியில்லை. ஆனா அந்தக் கல்வெட்டுல அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க மக்களே.

2.
இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல, பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேரும் இடம், அதனால அந்தப் பேர். கரையிலேயே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். இப்போ மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கு.

3.
பெரிய கோயில்னு நினைச்சுப் போகாதீங்க. தஞ்சாவூர் மாதிரி அண்ணாந்து பார்க்க வைக்காது. இது ஒரு கிராமத்துக் கோயில். ஆனா வயசு அதிகம். 9-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்திலேயே இங்கே அணையா விளக்கு எரிக்கப் பொன் கொடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் சோழர்கள் காலத்துக் கல்வெட்டுகள் வரிசையா சேர்ந்துக்கிட்டே போகுது.

4.
இங்கே கட்டடக்கலை பத்தி ஒரு சின்ன விளக்கம். அதுக்கு முன்னாடி பெரும்பாலான கோயில்கள் செங்கல், மரம், சுதை. சோழர் காலத்துல அவை ஒண்ணொண்ணா கற்றளியா மாறுது. அடியில ஜகதி, குமுதம்னு வரி வரியா அமைஞ்ச அதிஷ்டானம், அதுக்கு மேல சமதளமான கல் சுவர். அந்தக் கல் சுவர்தான் ஊரோட ரெஜிஸ்டர் ஆபீஸ். ஓலையைக் கரையான் தின்னும், கல்லைத் தின்னாது. நிலம், வரி, தானம், தண்டனை எல்லாம் சுவரிலேயே வெட்டிடுவாங்க.

5.
இங்கிலாந்து கிராமங்கள்ல இடைக்காலச் சர்ச்சுக்கு இருந்த இடம், இங்கே கோயிலுக்கு. சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. ஊர் கூடும் இடம், தானியம் சேரும் இடம், கணக்கு எழுதும் இடம் எல்லாம் அதுதான். அங்கேயும் ஆஸ்பத்திரிகள் மதத்தோடு ஒட்டித்தான் பிறந்துச்சு. லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரி 1123-ல் ஒரு மடத்தோடு சேர்ந்தே தொடங்கியது.

6.
சரி, நம்ம கல்வெட்டுக்கு வருவோம். ராஜேந்திர சோழனின் மகன் வீரராஜேந்திரனின் 6-ம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1068 வாக்கில். முதல்ல ராஜாவோட போர் வெற்றிகள், கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற கதை எல்லாம் வருது. அப்புறம் உத்தரவு. அந்த உத்தரவு பிறந்த இடம் கங்கைகொண்ட சோழபுரம் அரண்மனை. எங்க நெய்வேலிக்கு நேர் தெற்கே இருக்கற ஊர்!

7.
உத்தரவோட சாரம் இதுதான்: வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானம் இந்தக் கோயிலுக்கு. வருஷத்துக்கு 3,000 கலத்துக்கு மேல் நெல், 200-க்கு மேல் காசு. அதை எதெதுக்குச் செலவு பண்ணணும்னு ஐட்டம் வாரியா கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. பூஜை, திருவிழா, வேதப் பள்ளி, மாணவர் விடுதி, ஆஸ்பத்திரி. மாதவன் தாமயன் என்ற வணிகர் கட்டிக் கொடுத்த ஜனநாத மண்டபத்தில்தான் பள்ளியும் விடுதியும் ஆஸ்பத்திரியும் நடந்திருக்கு.

8.
விடுதிப் பசங்களுக்கு வருஷத்துல 51 சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அதுக்கு எவ்வளவு எண்ணெய்னுகூட கணக்கு இருக்கு. அவ்வளவு நுணுக்கம்.

9.
ஆஸ்பத்திரியின் பேர் 'வீரசோழன்'. வகை: ஆதுலர்சாலை. ஆதுலர்னா நோயாளிகள். படுக்கை 15. ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு, அதுக்குத் தனி நிதி. நைட் டியூட்டி பார்த்த யாரையாவது கேளுங்க, அந்த ஒரு விளக்கோட அருமை புரியும்.

10.
இப்போ ஸ்டாஃப், வருஷச் சம்பளத்தோட:
மருத்துவர் ஒருவர்: 90 கலம் நெல், 8 காசு, கூடவே நிலம்.
'சல்லியக்கிரியை' செய்பவர், நம்ம பாஷையில் சர்ஜன்: 30 கலம்.
மூலிகை, விறகு கொண்டுவந்து மருந்து காய்ச்ச இரண்டு ஆண்கள்: 60 கலம், 2 காசு.
நோயாளியைக் கவனிச்சு மருந்து கொடுக்க இரண்டு பெண்கள்: 30 கலம், 1 காசு.
நாவிதர் ஒருவர்: 15 கலம்.

11.
இதை அப்படியே கடந்து போயிடாதீங்க. ஒரு கலம் 96 நாழி. வருஷம் 360 நாள்னு வச்சுக் கணக்குப் போடுங்க. மருத்துவருக்கு நாளைக்கு 24 நாழி நெல். சர்ஜனுக்கு 8. மூலிகை கொண்டு வர்றவருக்கும் 8. ராத்திரி பகலா நோயாளி பக்கத்துல நிக்கற பெண்ணுக்கு 4.

12.
நெல்லைக் குத்தினா பாதிகூட அரிசி தேறாது. நாலு நாழி நெல்லுல ஒன்றரை நாழி அரிசி வந்தா அதிகம். படுத்திருக்கற நோயாளிக்கே ஒரு நாழி. அப்போ அந்த நர்ஸம்மா தன் வயித்துக்குப் போக வீட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போயிருப்பாங்க? அரை நாழி. ஒரே ஆஸ்பத்திரியில வேலை பார்த்த ஆணுக்கு அவங்களைப் போல ரெண்டு மடங்கு. டாக்டருக்கு ஆறு மடங்கு.

13.
இன்னொண்ணு. அந்த மருத்துவரின் பேரே கல்லுல இருக்கு: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவர் பதவி பரம்பரை உரிமை. அப்பாவுக்கு அப்புறம் மகன். நான் டாக்டர் ஆனது பரீட்சை எழுதி. அந்த முறையில எனக்கு அந்தப் படியேறவே வாய்ப்பு இருந்திருக்காது. உங்கள்ல பல பேருக்கும்தான். அந்த ரெண்டு பெண்களோட பேர் கல்லுல இல்லை.

14.
மருந்து ஸ்டாக் லிஸ்ட் இன்னும் சுவாரசியம். ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள், சுமார் 20. தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, வில்வாதி கிருதம், புராண சர்ப்பி... ஹரீதகின்னா நம்ம கடுக்காய். வாசான்னா ஆடாதோடை. பல்லாதகம் சேராங்கொட்டை. புராண சர்ப்பி பழைய நெய்.

15.
ஆடாதோடையில இருக்கற வாசிசின் என்ற பொருளை வச்சுத்தான் இன்னிக்கு சளிக்கு எழுதற ப்ரோம்ஹெக்சின் மருந்து உருவாச்சு. அதே லிஸ்ட்ல இருக்கற சேராங்கொட்டை தோல்ல பட்டா கொப்புளம் கிளம்பும். அதனால "கல்வெட்டுலயே இருக்கு"ன்னு வீட்டுல காய்ச்ச ஆரம்பிச்சுடாதீங்க, ப்ளீஸ். எனக்கு இந்த லிஸ்ட்ல பிடிச்சது வேற. மருந்து தீர்ந்த பிறகு தேடக் கூடாது, வருஷ ஆரம்பத்திலேயே இருப்பு இருக்கணும்னு 950 வருஷம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க.

16.
'உலகின் முதல்' விஷயத்துக்கு வர்றேன். இலங்கையில் மிஹிந்தலையில 9-ம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் இடிபாடு இருக்கு, நோயாளியைப் படுக்க வைக்கும் கல் மருந்துத் தொட்டியோட. நம்ம ஊர்லயே தஞ்சாவூர்ல சுந்தரசோழ விண்ணகர ஆதுலசாலைக்குக் குந்தவை நிலம் கொடுத்தது இதைவிட முந்தியது. பின்னாடி கம்போடியாவுல ஏழாம் ஜெயவர்மன் காலத்துல 102 ஆஸ்பத்திரிகள் இருந்ததா 1186-ம் வருஷக் கல்வெட்டு சொல்லுது. முதல் பரிசு நமக்கு வேண்டாம். இவ்வளவு விவரமான கணக்கு கிடைச்சிருக்கறதே பெரிய சொத்து.

17.
இப்போ முக்கியமான கேள்வி. அந்த 15 படுக்கை யாருக்கு? கோயில் ஊழியர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும். வயலைக்காவூர்ல நாத்து நட்டு அந்த 3,000 கலத்தை விளைவிச்சவங்க பேர் அந்தப் பட்டியல்ல கிடையாது. பாம்பு கடிச்சா, பிரசவம் சிக்கலானா அவங்க எங்கே போனாங்கன்னு கல் சொல்லலை.

18.
நெய்வேலிக்காரங்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்து, காட்டையும் வயலையும் அளந்து டவுன்ஷிப் போட்டப்போ, பிளாக் பிளாக்கா குவார்ட்டர்ஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி, கோயில்னு எல்லாம் ஒரே திட்டத்துல வந்துச்சு. வேலை செய்யறவங்களுக்கு வேண்டியதை வேலை கொடுக்கற இடமே செய்யும். அருமையான ஏற்பாடு. திருமுக்கூடலும் ஒரு குட்டி டவுன்ஷிப்தான். ஆனா அப்படி எந்த ஏற்பாட்டுக்கும் ஒரு வேலி உண்டு. வேலிக்கு உள்ளே யாரு, வெளியே யாருங்கற கேள்வியும் கூடவே வரும்.

19.
அரசு ஆஸ்பத்திரி என்ற யோசனை அந்த வேலியை எடுக்கறதுதான். ஓபி சீட்டு வாங்க வர்றவங்ககிட்ட "நீ எந்தக் கோயில் ஊழியர்?"னு யாரும் கேட்கறதில்லை. எங்க குறைகளைத் திட்டுங்க, தாராளமா. ஆனா இந்த ஒரு விஷயம் வர சுமார் ஆயிரம் வருஷம் ஆச்சுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

20.
திருமுக்கூடல்ல இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரியின் ஒரு கட்டிலும் இல்லை, ஒரு மருந்துச் சாடியும் இல்லை. மிஞ்சினது சுவர்ல இருக்கற கணக்கு மட்டும். 1915-ல் கல்வெட்டுத் துறை அதைப் படி எடுக்கற வரைக்கும் வெளியுலகத்துக்குத் தெரியாது. கட்டடம் கட்டறது சுலபம். சம்பளம், அரிசி, விளக்கு, மருந்துன்னு ஒவ்வொண்ணுக்கும் 'இந்தப் பணம் இங்கிருந்து வரும்'னு எழுதி வச்சதாலதான் அது ஆஸ்பத்திரி. பட்ஜெட் இல்லாத ஆஸ்பத்திரி வெறும் மண்டபம்.

21.
அதனால ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு: உங்க ஊர்ப் பழைய கோயில்ல திருப்பணி நடந்தா, கல்வெட்டு மேல பெயின்ட் அடிக்க விடாதீங்க, மணலைப் பீய்ச்சிச் சுத்தம் பண்ண விடாதீங்க. அது அழுக்கு இல்லை, உங்க ஊர்க் கணக்கு. ரெண்டு: அடுத்த தடவை ஏதாவது புது ஆஸ்பத்திரி திறப்பு விழா படம் பார்த்தா, எத்தனை மாடின்னு கேட்காதீங்க. நர்ஸ் எத்தனை பேர், அவங்க சம்பளம் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு ஒதுக்கீடுன்னு கேளுங்க. வீரராஜேந்திரன் காலத்துச் சுவரே அதுக்குப் பதில் சொல்லுது.

22.
உங்க ஊர்க் கோயில் சுவர்ல இப்படி ஏதாவது படிச்சிருக்கீங்களா? கீழே சொல்லுங்க. டியூட்டி முடிச்சு வந்து எல்லாத்தையும் படிக்கறேன்.