கடற்புல், வவ்வால்: வகைப்பாடும் காப்புநிலையும்

ஹாலோஃபிலா பெக்காரி கடல்நீரில் மூழ்கி வாழும் சிறு பூக்கும் தாவரம். சலீம் அலி பழவவ்வால் (லாடிடென்ஸ் சலீமாலியை) தென்னிந்திய மலைக்காடுகளுக்கே உரிய பாலூட்டி. மெய்க்கருவுயிரிகள் என்பதற்கு அப்பால் இவற்றுக்கு வகைப்பாட்டு உறவில்லை. முன்னது ஒருவித்திலைத் தாவரம்; ஹைட்ரோகாரிட்டேசியே குடும்பத்தது. வேரும் பூவும் உடையதால் அதைப் பாசி எனல் தவறு. அலையிடைச் சேற்றுநிலங்களில் வளர்வதால் கரையோர மாற்றங்களுக்கு எளிதில் இரையாகிறது.

பின்னது டெரோபோடிடே குடும்பத்தது. தன் பேரினத்தின் ஒரே இனம். வெளியே தெரியும் வாலில்லாதது. 1948இல் மேகமலையில் கிடைத்த மாதிரி, குறுமூக்குப் பழவவ்வால் எனத் தவறாகப் பெயரிடப்பட்டு மும்பையில் பாதுகாக்கப்பட்டது. 1972இல்தான் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதைத் தனி இனமாக விவரித்தார். குகையில் தங்கி, அத்திப்பழம் உண்டு, விதை பரப்பும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் கடற்புல் ‘அழிவாய்ப்பு இனம்’. வவ்வால் அதனினும் கடுமையான ‘அருகிய இனம்’. வவ்வாலுக்கு இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக் காப்பும் உண்டு.